ஆறாவது கட்டத்தில் போட்ட டிக்

ஏரியில் பாய்மரப் படகு ஓட்டுகிறவர்களின் சங்கம் இந்த வருடம் ஒரு மலர் போடுகிறதாம். செயலாளர் போனில் கூப்பிட்டார். "சார், தனி ஆளா ஓட்டுறதுக்கு நடுத்தர சைஸ் படகு எப்படி செலக்ட் பண்றதுன்னு பத்து டிப்ஸ் எழுதிக் குடுங்க. கொஞ்சம் ஜாலியா இருக்கட்டும்" என்றார்.

ஜாலியாக இருக்கட்டுமாம். என்னிடம் பத்து டிப்ஸ் இல்லை. ஒன்றுதான் இருக்கிறது. அதைச் சொல்லத் தொடங்கினால் எனக்குக் கோபம்தான் வரும். பிடிக்காதவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போகலாம்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். சொந்த ஊர் தூத்துக்குடி. பத்தொன்பது வயதில் ராணுவத்தில் மெக்கானிக்காகச் சேர்ந்தேன். சிகந்தராபாத்துக்கு அனுப்பினார்கள். டாங்கி எஞ்சினைப் பிரித்துப் பூட்டக் கற்றுக்கொண்டிருந்தவனை ஒருநாள் ஹுசைன் சாகர் ஏரிக்கரையில் இருந்த படகுக் கொட்டகைக்கு மாற்றினார்கள். தூத்துக்குடிக்காரன் என்றால் படகு தெரியும் என்று யாரோ ஒரு மேதாவி முடிவு செய்துவிட்டார். எங்கள் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். அதுவரை நான் படகில் கால் வைத்ததே இல்லை. ஆனால் கற்றுக்கொண்டேன். பதினெட்டு வருடம் அந்தக் கொட்டகையில் பாய் தைத்தேன், கயிறு மாற்றினேன், அதிகாரிகளுக்குப் படகோட்டச் சொல்லிக் கொடுத்தேன்.

அங்கே என் மேலதிகாரியாக இருந்த கர்னல் கோயம்புத்தூர்க்காரர். ஓய்வு பெற்றதும் சிகந்தராபாத் சைனிக்புரியில் தன் வீட்டு முன்னறையில் மேஜை போட்டு ஒரு தொழில் தொடங்கினார். பழைய பாய்மரப் படகு வாங்க நினைக்கிறவர்களுக்காகப் படகைச் சோதித்து அறிக்கை கொடுக்கும் தொழில். நானும் ராணுவத்திலிருந்து வெளியே வந்ததும் அவரிடமே சர்வேயராகச் சேர்ந்தேன். கடலே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு கடல் படகு பார்க்கிற தொழில் என்று என் மனைவி ஸ்டெல்லா கேலி செய்வாள். இந்த ஊரில் படகு ஆசை பிடித்தவர்கள் எத்தனை பேர் என்று அவளுக்குத் தெரியாது. படகு கொச்சியிலோ கோவாவிலோ நிற்கும், ஆசை ஹைதராபாத்தில் இருக்கும். நடுவில் ரயிலில் போய்வந்தது நான்.

கர்னலைப் பற்றிச் சொல்ல வேண்டும். குரலை உயர்த்தவே மாட்டார். அறிக்கையை நீட்டினால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பச்சை மைப் பேனாவின் மூடியைக் கழற்றி, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரு வார்த்தை பேசாமல் படிப்பார். பிடிக்காத வரியில் பேனா நிற்கும். நம்மை நிமிர்ந்து பார்க்க மாட்டார். நாமாக, "மாத்திடுதேன் சார்" என்று சொல்லும்வரை பேனா அந்த இடத்திலேயே நிற்கும். இருபத்தைந்து வருடத்தில் அந்தப் பேனாவுக்கு எதிராக நான் ஒரு வாக்கியம்கூடப் பேசியதில்லை.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். தனி ஆள் ஓட்டும் படகை எப்படிச் சோதிப்பது என்று கண்டுபிடித்தது அவர்தான். கொட்டகையில் இருந்த காலத்திலேயே அதற்கு ஆறு கட்டம் போட்ட ஒரு தாள் அச்சடித்து வைத்திருந்தார். படகில் ஏறியதும் எங்களிடம், "எல்லாரும் கையைத் தொடைக்கு அடியில வெச்சு உக்காருங்க. படகு முங்கினாலும் கை வெளிய வரக்கூடாது" என்பார். ஓட்டப் போகிறவர் மட்டும் எல்லா வேலையையும் தனியாகச் செய்ய வேண்டும். கரையிலிருந்து படகைக் கிளப்புவது முதல் கட்டம். பாயை ஏற்றுவது இரண்டாவது. காற்று பலமானால் பாயின் பரப்பைக் குறைத்துக் கட்டுவது மூன்றாவது, அதுவும் சுக்கானை விட்டு முன்னால் ஓடாமல். நடுநீரில் படகைச் சும்மா நிற்க வைப்பது நான்காவது. திரும்பிக் கரைக்கு வந்து, கயிற்றைப் பிடிக்க யாரும் இல்லாமல் தானே கட்டுவது ஐந்தாவது. ஆறாவது, தண்ணீரில் இறங்கி, யார் உதவியும் இல்லாமல் படகில் மறுபடி ஏறுவது.

இதைவிட நல்ல சோதனையை இன்றுவரை நான் பார்க்கவில்லை. இப்போதைய விளம்பரங்களில் 'ஒரே ஆள் போதும்' என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். பொத்தானை அமுக்கினால் பாய் விரியும், பொத்தானை அமுக்கினால் பாய் சுருளும். எதற்கு ஒரே ஆள் போதும்? வெயிலில் படுத்துப் படம் எடுத்துக்கொள்வதற்கா? முப்பத்தைந்தடிப் படகு வாங்கப் போகிறவர் கேட்க வேண்டியது வேறு. கயிறுகள் எல்லாம் சுக்கானுக்குப் பக்கத்தில் வந்து சேருகிறதா? படகைத் திருப்பும்போது முன்பாய் தானாக அடுத்த பக்கம் போகிறதா? நான் கயிறு இழுக்கும் நேரத்தில் சுக்கானைப் பார்த்துக்கொள்ள ஆட்டோபைலட் இருக்கிறதா? அது செத்துப்போனால் சுக்கானை ஒரு கயிற்றால் கட்டிவிட்டு நான் நிம்மதியாக இரண்டு நிமிடம் நகர முடிகிறதா? பெரிய பாயை நான் ஒருவனாக மடக்க முடிகிறதா? இதையெல்லாம் விட்டுவிட்டு, பிரிட்ஜில் எத்தனை பாட்டில் நிற்கும் என்று கேட்பவர்களைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சரி, ஆறாவது கட்டத்துக்கு வருகிறேன். கர்னலின் தாளை முதன்முதலில் ஹுசைன் சாகரில்தான் சோதித்துப் பார்த்தோம். ஐந்து கட்டமும் முடிந்தது. ஆறாவதற்கு யாராவது தண்ணீரில் இறங்க வேண்டும். அந்தத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கர்னல் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார். "ஏணி இருக்கா?" என்றார். "இருக்கு சார்" என்றேன். "அப்ப டிக் போடு" என்றார்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. ஆறாவது என்றால் ஏணியைப் பார்த்து டிக் போடுவது. எங்களுக்குக் கீழே பயின்றவர்களும் அப்படியே செய்தார்கள். ஏரியில் கவிழ்ந்தால் இழுத்துப் போட மோட்டார் படகு பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும், அதனால் ஒன்றும் ஆகவில்லை. அந்த நாற்றம் பிடித்த வழக்கத்தை நாங்கள் அப்படியே கடலுக்கும் கொண்டுபோனோம். கோவாவில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அங்கேயும் இறங்காமல் டிக் போட்டேன்.

பல் டாக்டர் பார்த்தசாரதியின் படகு அது. மூன்று தலைமுறையாக சிகந்தராபாத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம். அறுபது வயதில் கிளினிக்கை மூடிவிட்டு, தனியாக மேற்குக் கரை முழுக்கப் படகில் போக வேண்டும் என்று கிளம்பினார். மனுஷன் பிரிட்ஜைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. முப்பத்து நான்கடி, கயிறெல்லாம் பின்னால் வந்து சேரும் படகு. தானே தேடிக் கண்டுபிடித்திருந்தார். நான் கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தேன். பாயைக் குறைத்துக் கட்ட மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. படகுத்துறைக்கு வந்தபோது படகின் நடுவில் ஒரே ஒரு கயிற்றைத் தூணில் மாட்டி நிறுத்தினார். இத்தனை வருடத்தில் அவ்வளவு அழகாக யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

தாளை எட்டிப் பார்த்து அவரே கேட்டார். "ஆறாவது பாக்கி இருக்கே? நான் இறங்கட்டுமா?" சட்டைப் பொத்தானைக் கழற்றவே தொடங்கிவிட்டார்.

"வேண்டாம் டாக்டர். ஏணி இருக்கு, நான் பாத்துட்டேன்" என்றேன்.

இதை எழுதும்போது என் கை இன்னும் கூசுகிறது. ஏணி இருந்தது. படகின் பின்பக்கக் கம்பியில் மேல்நோக்கி மடித்து வைத்திருந்தது. அதைக் கீழே விழாமல் பிடித்திருந்த உலோக ஊசியை ஒரு கயிற்றால் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார்கள், ஆடும்போது சத்தம் வரக்கூடாது என்பதற்காக. என்ன நேர்த்தி என்று அந்த முடிச்சைத் தடவிக்கூடப் பார்த்தேன். டிக் போட்டேன். சாயங்கால ரயிலைப் பிடித்தேன்.

நான்கு மாதம் கழித்துச் செய்தி வந்தது. கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், அலையே இல்லாத இடத்தில் நங்கூரம் போட்டு நின்றிருக்கிறார் டாக்டர். எப்படி விழுந்தார் என்று யாருக்கும் தெரியாது. மறுநாள் மீனவர்கள் உடலை எடுத்தார்கள். படகை மறுபடி பார்த்து எழுத என்னையே அனுப்பினார் கர்னல். போய்ப் பார்த்தேன். ஏணி மடித்தபடியே இருந்தது. முடிச்சு அதே முடிச்சு. மேலே இருப்பவர்தான் அதை அவிழ்க்க முடியும். தண்ணீரிலிருந்து கை நீட்டினால் ஓரடி எட்டாது. கீழே, சுக்கானில் தண்ணீருக்குச் சற்று மேலே ஒட்டியிருந்த சிப்பிகளில் ரத்தம் காய்ந்திருந்தது. பின்பக்கப் பெயிண்ட் முழுக்க நகக் கீறல். நன்றாக நீந்தத் தெரிந்த மனுஷன். எவ்வளவு நேரம் சுற்றிச் சுற்றி வந்தாரோ.

அந்த முடிச்சை எடுத்துவிட்டு, ஊசியில் ஒரு முழக் கயிற்றைக் கட்டி வெளியே தொங்கவிட்டிருந்தால் போதும். கீழிருந்து இழுத்தால் ஊசி கழன்று ஏணி இறங்கியிருக்கும். நான் ஒரே ஒரு தடவை தண்ணீரில் இறங்கிப் பார்த்திருந்தால் அதை அன்றைக்கே கட்டியிருப்பேன்.

ஏணியைத் தண்ணீரிலிருந்து இறக்க முடியாது என்று அறிக்கையில் எழுதினேன். பச்சைப் பேனா அந்த வரியில் நின்றது. இந்த முறை நான் "மாத்திடுதேன் சார்" என்று சொல்லவில்லை. வெகுநேரம் நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் அவரே நிமிர்ந்தார். "ஏணி இருந்துச்சா இல்லையா?"

"இருந்துச்சு சார்."

"அதை மட்டும் எழுதுப்பா. மத்ததெல்லாம் உன்னோட அபிப்பிராயம்" என்று அந்த வரியை அடித்தார். அடித்துவிட்டு மூடியைப் போட்டு மூடினார்.

அடுத்த வாரம் டாக்டரின் மனைவி சைனிக்புரிக்கு வந்தார். விஜயா அம்மா. கர்னல் உள்ளே போய்விட்டார். அந்த அம்மா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ஏணி சரியா இருந்துச்சாங்க?"

"இருந்துச்சும்மா" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் எந்தப் படகைப் பார்த்தாலும், ஆறாவது கட்டத்துக்கு நானே தண்ணீரில் இறங்கினேன். எத்தனை ஏணிகளில் முழக் கயிறு கட்டினேன் என்று நினைவில்லை. அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். கர்னல் போன வருடம் இறந்தார். சவப்பெட்டியைத் தூக்கினவர்களில் நானும் ஒருவன். தூக்கும்போதும் அவர்மேல் எனக்குக் கோபம் இருந்தது.

இப்படி இருக்கையில்தான் என் சம்பந்தி ஆரோக்கியசாமி படகு வாங்கக் கிளம்பினார். என் மகளின் மாமனார். திருச்சிக்காரர், மத்திய அரசு ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, ஹைதராபாத் கொண்டாப்பூரில் மகன் வீட்டோடு இருக்கிறார். ஒன்றரை வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரியில் சின்னப் படகு ஓட்டுகிறார். கொச்சியில் முப்பத்தாறடிப் படகு ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார். "சம்பந்தி, எல்லாமே பட்டன்தான். ஒரே ஆள் போதும். நீங்க வந்து சும்மா ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்க" என்றார்.

சம்பந்தியிடம் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஸ்டெல்லா ரயில் ஏறும்போதே எச்சரித்தாள். "அங்க போய் உங்க கோவத்தைக் காட்டிராதீங்க. நம்ம பிள்ளை அந்த வீட்டுலதான் வாழுது."

கொச்சியில் கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தேன். முதல் நான்கு கட்டமும் பொத்தான் உதவியால் எப்படியோ ஒப்பேறியது. ஐந்தாவதில், படகுத்துறைக்கு வந்ததும் கயிற்றைச் சுழற்றிக் கரைக்கு வீசினார். கரையில் யாரும் இல்லை. ஏரியில் பிடிக்க எப்போதும் ஆள் நிற்கும், அந்தப் பழக்கம். கயிறு தண்ணீரில் விழுந்தது. படகு தூணில் இடித்தது. "முதல் தடவைதானே சம்பந்தி" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"ஆறாவது. தண்ணியில இறங்குங்க" என்றேன்.

"எதுக்கு? ஏணிதான் இருக்கே, பாருங்க." அதே போல மேல்நோக்கி மடித்த ஏணி. ஊசி. அதைச் சுற்றி நேர்த்தியான முடிச்சு.

"இருக்கு. இறங்குங்க."

என் முகத்தைப் பார்த்துவிட்டு முனகிக்கொண்டே சட்டையைக் கழற்றினார். மிதவைச் சட்டையை நானே மாட்டிவிட்டேன். குதித்தார். இரண்டு கை போட்டுப் பின்பக்கம் வந்தார். கையை நீட்டினார், எட்டவில்லை. எம்பினார், விரல் வழுக்கியது. "சம்பந்தி, அந்த ஏணியைக் கொஞ்சம் இறக்கி விடுங்க" என்றார்.

"நான் இங்க இல்ல. நீங்க தனியாத்தான போறீங்க?"

"விளையாடாதீங்க சம்பந்தி!"

நான் அசையவில்லை. பக்கவாட்டில் போய்ப் பார்த்தார், அங்கே இன்னும் உயரம். மறுபடி பின்பக்கம் வந்தார். சுக்கானைக் காலால் மிதிக்கப் பார்த்தார். கெட்ட வார்த்தை சொன்னார். பிறகு அதையும் நிறுத்திவிட்டார். மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. நான் கையைத் தொடைக்கு அடியிலிருந்து எடுக்கவில்லை. பத்து நிமிடம். அவர் உதடு வெளுத்து, "முடியல" என்று சொன்ன பிறகுதான் எழுந்து போய் முடிச்சை அவிழ்த்தேன்.

மேலே வந்து துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு கத்தினார். "என்னைக் கொல்லப் பாத்தீங்களா? சம்பந்தின்னு ஒரு மரியாதை கூடவா கிடையாது?"

நானும் கத்தினேன். அப்போதுதான் டாக்டரின் கதை முழுவதும் வெளியே வந்தது. முடிச்சு, சிப்பி, ரத்தம், பச்சைப் பேனா, எல்லாம். கர்னலைத் திட்டினேன், விளம்பரம் போடுகிறவனைத் திட்டினேன், கயிறு பிடிக்க ஆள் வைத்துப் பழக்கிய ஏரியையே திட்டினேன்.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். முடிந்ததும் மெதுவாக, "இத்தனை கோவத்தையும் என் மேல காட்டுறீங்களே சம்பந்தி. அந்தம்மா கிட்ட போய் இதைச் சொன்னீங்களா?" என்றார்.

அந்தப் படகுக்கு நான் கையெழுத்துப் போடவில்லை. அவரும் கேட்கவில்லை.

விஜயா அம்மா இப்போது சிகந்தராபாத் போவன்பள்ளியில் தனியாக இருக்கிறார். விசாரித்துக்கொண்டு போன வாரம் போனேன். கேட்டைத் திறந்ததும் என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. உட்காரச் சொன்னார். உட்காராமலே சொன்னேன். "அம்மா, அன்னைக்கு ஏணி சரியா இருந்துச்சுன்னு சொன்னேன். அது பொய். தண்ணிக்குள்ள இருந்து அதை இறக்க முடியாது. டாக்டர் இறங்கிப் பாக்கேன்னுதான் சொன்னாங்க. நான்தான் வேண்டாம்னேன்."

அவர் சுவரில் இருந்த டாக்டரின் படத்தைத் திரும்பிப் பார்த்தார். "பதினோரு வருஷமா நான் அந்த மனுஷனைத் திட்டிட்டு இருக்கேன். ஏணி இருந்துச்சாம், ஏறத் தெரியலையாம், குடிச்சிருப்பார்னு நினைச்சேன். பசங்க கிட்டயும் அப்படித்தான் சொன்னேன். பெரியவன் அப்பா படத்தை வீட்டுல மாட்டவே இல்ல. கேட்டா, நக்கோ அம்மா, வேணாம், விடுங்கறான்."

மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். "எங்கிட்ட நக்கோ. இப்ப அவன்கிட்ட சொல்லுங்க." பெங்களூரில் இருக்கும் பெரிய மகனுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரை அழுத்தி என் கையில் கொடுத்துவிட்டு, எனக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் முகத்தையே பார்த்தார். மணி நாலைந்து தடவை அடித்தது. எடுத்துவிடக் கூடாது என்று நான் நினைத்ததையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

எடுத்துவிட்டான். "செப்பம்மா, சொல்லும்மா" என்றது தெலுங்கும் தமிழுமாக ஒரு ஆண் குரல்.

சொன்னேன்.